நூத்துக்கு எவ்வளவு அப்பு?

புது பைக் வாங்கினால் முதலில் கோயிலுக்குக் கொண்டுபோவது ஊர் வழக்கம். எங்கள் குடும்பத்தில் முதலில் காரியாபட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் அப்பத்தா இருக்கிறாள். எண்பதை நெருங்கும் வயசு. தண்டட்டி போட்டு இறங்கிய காது. இடுப்பில் சுருக்குப்பை. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியது மூணு வருஷம்தான்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ரோட்டில் முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் கரிசல் காடு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நசுக்கினேன். எனக்குத் திருநீறு பூசினாள், வண்டிக்கும் பூசினாள். அதற்கப்புறம்தான் விசாரணை.

"ரொக்கமா, கடனா?"

"கடன்தான் அப்பத்தா. அறுபதாயிரம். மிச்சம் கையில இருந்து போட்டேன்."

"என்ன வட்டி?"

"பன்னெண்டு சதவீதம்."

"சதவீதம் கிடக்கட்டும். நூத்துக்கு எவ்வளவு அப்பு?"

இந்தப் பக்கத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் வட்டியை வருஷக் கணக்கில் சொல்ல மாட்டார்கள். 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபாய். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம், ஆக 24 சதவீதம். 'மூணு வட்டி' என்றால் 36. பேங்க்காரர் 24 என்று சொல்வதும் பெட்டிக்கடைக்காரர் ரெண்டு என்று சொல்வதும் ஒன்றேதான். ஒருவர் வருஷத்தைச் சொல்கிறார், ஒருவர் மாசத்தைச் சொல்கிறார். (வட்டியைக் கட்டாமல் விட்டு, அது அசலோடு சேர்ந்து குட்டி போட்டால் 24 என்பது வருஷக் கடைசியில் 26.8 ஆகிவிடும். அது வேற வயிற்றெரிச்சல்.)

பன்னிரண்டைப் பன்னிரண்டால் வகுத்தேன். பி.காம். முதல் வகுப்பு அல்லவா!

"ஒரு ரூபா அப்பத்தா. ஒரு வட்டி."

"நகையை வைக்காம ஒரு வட்டிக்கு எவன்டா குடுக்குறான்? மாசம் எம்புட்டு கட்டணும்?"

"2,267 ரூபா. மூணு வருஷம்."

அப்பத்தா விட்டத்தைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. நான் செல்போனில் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"எம்பத்தோராயிரத்து அறுநூறு. வட்டி மட்டும் இருபத்தோராயிரத்து அறுநூறு. சரி... ரெண்டாம் வருஷம் பாதியில அவன் காசு உங்கிட்ட எவ்வளவு இருக்கும்?"

நான் முழித்தேன்.

"மாசாமாசம் அசலையும் சேத்துத்தான கட்டுற? ஒன்றரை வருஷத்துல பாதி போயிரும். கடைசி மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம்தான் நிக்கும். ஆனா வட்டிய மட்டும் கடைசி வரைக்கும் அறுபதாயிரத்துக்கே போட்டிருக்கான். மொத்தத்துல பாத்தா பாதிப் பணத்துக்கு முழு வட்டி. இது ஒரு வட்டியாடா? ரெண்டு வட்டி!"

எலுமிச்சம்பழத்தோடு சேர்ந்து நானும் நசுங்கினேன்.

அன்று ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கடனில் பாக்கி நிற்கும் தொகைக்கு மட்டும் வட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் பன்னிரண்டு சதவீதம் உண்மையில் ஏறக்குறைய 21.2 சதவீதம். மாசத்துக்கு 1.77. ஊர்ப் பாஷையில் ஒண்ணே முக்கால் வட்டி. அப்பத்தா கணக்கில் தப்பு கால் வட்டிதான். என் கணக்கில் தப்பு முக்கால் வட்டி! (அவள் ஏன் கால் வட்டி அதிகமாகச் சொன்னாள் என்றால், தவணையின் ஆரம்ப மாசங்களில் வட்டிக்கே நிறையப் போய்விடும். அசல் அவள் நினைத்த வேகத்தில் குறையாது.)

கம்பெனிக்காரர்கள் பொய் சொல்லவில்லை. ரசீதில் 'ஃபிளாட்' என்று ஒரு சின்ன வார்த்தை இருந்தது. முதலில் வாங்கிய தொகைக்கே கடைசி வரை வட்டி என்று அதற்கு அர்த்தம். 'டிமினிஷிங்' என்று இருந்தால் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு வட்டி. இதைக் காலேஜில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையிலும் எழுதினேன். மார்க்கும் வாங்கினேன். கடன் வாங்கும்போது மட்டும் ஷோரூம் ஏ.சி.யில் மறந்துவிட்டேன்.

சதவீதம் என்ற வார்த்தைக்கு உள்ளேயே விஷயம் இருக்கிறது. சதம் என்றால் நூறு. நூற்றுக்கு இத்தனை வீதம். இலங்கைத் தமிழர்கள் இன்றும் ரூபாயில் நூறில் ஒரு பங்கைச் 'சதம்' என்றுதான் சொல்கிறார்கள். ஆக 12 சதவீதம் என்பது 12-க்கு 100 என்ற விகிதம். மேலும் கீழுமாக எழுதினால் பன்னிரண்டின் கீழ் நூறு, சுருக்கினால் மூன்றின் கீழ் இருபத்தைந்து. புள்ளி வைத்தால் 0.12. ஒரே ஆள்தான், ஆபீசுக்கு ஒரு சட்டை, கல்யாணத்துக்கு ஒரு சட்டை. சட்டை மாறியதும் நமக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது, அதுதான் சிக்கல்.

நகைக்கடையில் 'நைன் ஒன் சிக்ஸ்' என்கிறார்களே, அது என்ன என்று கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகும் எத்தனை மாப்பிள்ளைகளுக்குத் தெரியும்? சுத்தத் தங்கம் 24 காரட். நகைக்கு 22 காரட். 22-க்கு 24 என்பது விகிதம். சுருக்கினால் 11-ன் கீழ் 12. வகுத்தால் 0.9166... முடிவே இல்லாமல் ஆறு ஆறாக ஓடும். அதில் முதல் மூணு எண்ணைத்தான் நகையில் முத்திரையாகக் குத்துகிறார்கள். அதாவது 91.6 சதவீதம் தங்கம், பாக்கி செம்பு மாதிரி வேறு உலோகம். 18 காரட் நகையில் 750 என்று இருக்கும். முக்கால் பங்கு. அவ்வளவுதான் ரகசியம். (செய்கூலி, சேதாரத்தின் ரகசியத்தைச் சொல்ல இந்த இதழில் இடம் போதாது.)

"முக்கால்னு சொன்னா புரியுது. அதை ஏன் எழுவத்தஞ்சுங்குறாய்ங்க?" என்றாள் அப்பத்தா, இதைச் சொன்னபோது.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் ஆட்கள் நூறைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனார்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. இன்னொரு வரிசை இருபதில் ஒன்றை வைத்துப் போகும்: மா, அரைமா, காணி, முந்திரி. மா என்றால் 5 சதவீதம். இருமா 10. அரைமா இரண்டரை. காணி, எண்பதில் ஒன்று, ஒண்ணேகால் சதவீதம். முந்திரி 320-ல் ஒன்று, அதைச் சதவீதத்தில் சொல்லிப் பாருங்கள்: 0.3125. நாக்கு சுளுக்கிக்கொள்ளும்! திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் இதையெல்லாம் வாய்ப்பாடாக ஒப்பித்தார்கள்.

தஞ்சாவூர் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் வட்டிக் கணக்கே இருக்கிறது. கோயில் பணத்தை ஊர்ச் சபைகளிடம் கடனாகக் கொடுத்து, ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு பொலிசை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பொலிசை என்றால் வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. பன்னிரண்டரை சதவீதம். ஊர்ப் பாஷையில் ஒரு வட்டிக்குச் சொச்சம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடன் வாங்கிய ஊர்க்காரர்கள் என்னைவிட மலிவாக வாங்கியிருக்கிறார்கள்.

நூறு எப்போது நம் மடிக்குள் வந்தது என்றால், தேதியே இருக்கிறது. 1957 ஏப்ரல் 1. (ஆமாம், ஏப்ரல் ஒண்ணுதான்.) அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்றிலிருந்து நூறு நயா பைசா. அரை ரூபாய், கால் ரூபாய்க்குப் பிரச்னை இல்லை. எட்டணா 50, நாலணா 25. ஆனால் ஓரணா? ஆறேகால் பைசா! கால் பைசாவுக்கு எங்கே போவது? அதனால் ஓரணாவுக்கு 6 பைசா, ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19 என்று பட்டியல் போட்டார்கள். அப்பத்தா அப்போது பொடிசு. ஓரணாச் சாமானை நாலு தடவை தனித்தனியாக வாங்கினால் 24 பைசா, மொத்தமாக வாங்கினால் 25 பைசா என்று கண்டுபிடித்துக் கடைக்காரரைச் சுத்தலில் விட்டதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்த நாலணாக் காசு 2011 ஜூன் மாசத்தோடு செல்லாமல் போய்விட்டது. ஆனால் 'அவன் நாலணா பெறமாட்டான்' என்பது இன்னும் செல்லுபடியாகிறது. பெற மாட்டான் என்பது 25 சதவீதம்கூடத் தேறமாட்டான் என்பதுதானே.

சரி, நூறு எதோட நூறு? இந்தக் கேள்வியை விட்டால்தான் மாட்டிக்கொள்வோம்.

ஆடித் தள்ளுபடியில் ஜவுளிக்கடை போர்டைப் பாருங்கள். '50% + 20%' என்று இருக்கும். மனசு எழுபது என்று கூட்டிவிடும். ஆயிரம் ரூபாய்ச் சட்டை முதலில் ஐநூறு. அடுத்த இருபது அந்த ஐநூறில்தான், நூறு ரூபாய். கட்டுவது நானூறு. தள்ளுபடி அறுபது சதவீதம். புள்ளி போட்டுப் பெருக்கினால் ஒரு நிமிஷ வேலை: 0.50 பெருக்கல் 0.80, விடை 0.40. நூறு மாறிவிட்டது, போர்டு மாறவில்லை.

மிளகாய் வத்தல் போட்டவர்களுக்கு இது தள்ளுபடி இல்லை, வயிற்றுப்பாடு. கிலோ 200-க்குப் போனது 100-க்கு விழுந்தால் 50 சதவீதம் இறக்கம். அடுத்த மாசம் வியாபாரி, 'விலை 50 சதவீதம் ஏறிருச்சுண்ணே' என்பார். ஏறினால் 150. பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். விழுவதற்கு ஒரு நூறு, எழுவதற்கு ஒரு நூறு.

மழையும் அப்படித்தான். வானிலை ஆபீஸ் கணக்கில், வழக்கமான சராசரியைவிட 19 சதவீதம் வரை குறைந்தாலும் 'இயல்பான மழை' என்றுதான் பெயர். 20 சதவீதம் குறைந்தால்தான் 'பற்றாக்குறை'. ஆற்றுப் பாசனக்காரருக்கு அது வெறும் எண். வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பிக் கரிசலில் விதைத்தவனுக்கு அஞ்சில் ஒரு பங்கு மழை போய்விட்டது. பேப்பரில் 'இயல்பு' என்று படித்துவிட்டு எங்கள் சித்தப்பா பேப்பரை மடித்து உட்கார்ந்த இடத்துக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு ஒன்று. 2022 மே மாசத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் பேங்க் தன் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.50-க்கு ஏற்றியது. டி.வி.யில் 'இரண்டரை சதவீதம் உயர்வு' என்றார்கள். இரண்டரை என்பது சதவீதப் புள்ளி. நாலில் இரண்டரை கூடினால் 62.5 சதவீத உயர்வு, அதாவது அரையே அரைக்கால் பங்கு ஏறிவிட்டது. ரெண்டும் சரிதான். எதைச் சொன்னால் ஆபீசில் யாரும் பதறமாட்டார்களோ அதைச் சொன்னார்கள்.

இனி, சிரிக்க முடியாத கணக்கு.

பைக் பார்த்த மறுநாள் காரியாபட்டியில் அத்தை மகன் டீக்கடைக்குப் போனேன். காலை ஆறு மணி. பால் பொங்குவதற்கு முன்பே பைக்கில் ஒருத்தர் வந்து நூறு ரூபாய் வாங்கி, அட்டையில் டிக் அடித்துவிட்டுப் போனார். தண்டல்.

"எவ்வளவு மச்சான்?"

"எழுதுறது பத்தாயிரம் மாப்ளே. பிடிச்சதுபோக கையில எட்டாயிரத்து ஐநூறு. தினம் நூறு, நூறு நாள். நூத்துக்குப் பதினஞ்சுதான? பரவாயில்ல."

அப்பத்தா கிளப்பிவிட்ட உற்சாகம் எனக்கு. பேப்பரை எடுத்தேன். வட்டி 1,500. ஆனால் வாங்கியது 10,000 இல்லை, 8,500. அப்போதே பதினஞ்சு இல்லை, 17.6. அதுவும் வருஷத்துக்கு இல்லை, நூறு நாளைக்கு. தினமும் திருப்பிக் கொடுப்பதால் சராசரியாக இவர் கையில் நிற்பது பாதிப் பணம்தான். எல்லாம் சேர்த்துப் போட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 120 சதவீதம். பதினஞ்சு என்று நினைத்தது பத்து வட்டி!

மச்சான் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"கணக்கு சரிதான் மாப்ளே. காலையில ஆறு மணிக்குக் கடை வாசலுக்கே வந்து, ஜாமீன் கேக்காம, பத்திரம் கேக்காம எட்டாயிரத்து ஐநூறு எந்த பேங்க்குல தர்றாய்ங்க? சொல்லு, நாளைக்கே போறேன்."

எனக்குப் பதில் இல்லை. டீயைக் குடித்தேன். அன்றைக்கு சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

சட்டம் இருக்கிறது. 2003-ல் தமிழ்நாட்டில் அதீத வட்டி தடைச் சட்டம் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தின வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கந்துவட்டித் தொல்லை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். நாலு பேருமே பிழைக்கவில்லை. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

கடன் வாங்குபவன்தான் சதவீதத்தில் ஏமாறுகிறான் என்றில்லை. கொடுப்பவனும் ஏமாறுகிறான். 1990-களில் தெருவுக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி முளைத்து, ரிட்டயர்மென்ட் பணத்தோடு படுத்ததால்தான் 1997-ல் டெபாசிட்தாரர் நலன் காக்கத் தனிச் சட்டமே வந்தது. புத்தி வந்ததா? ஆருத்ரா கோல்ட் நிறுவனத்தின் மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போட்ட வழக்கில் சொல்லப்படுவது மாசம் 25 முதல் 30 சதவீத வட்டி ஆசை. பணம் கட்டியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். படித்தவர்கள், ஆபீஸ் போகிறவர்கள், நம்மைப் போன்றவர்கள். அப்பத்தாவிடம் சொன்னேன். "எனக்கு நூத்துக்கு முப்பது தர்றவன், நூத்துக்கு நாப்பதாச்சும் சம்பாதிக்கணும்ல? மாசாமாசம் அப்படி என்ன யாவாரம்டா அது, நம்ம ஊர்ல யாருக்கும் தெரியாம?" என்றாள்.

நல்ல சேதி ஒன்றும் உண்டு. 2024 அக்டோபர் 1-லிருந்து, பேங்க்கானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும் சில்லறைக் கடன் கொடுக்கும்போது 'முக்கிய விவரக் குறிப்பு' என்று ஒரு தாள் தரவேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் உத்தரவு. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண் இருக்கும். வட்டி, பிராசசிங் கட்டணம், இன்ஷூரன்ஸ் என்று நம்மிடம் கறக்கும் எல்லாவற்றையும் சேர்த்து, குறைந்துவரும் பாக்கிக்கு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும் எண் அது. கையெழுத்துப் போடுமுன் அந்த ஒரு எண்ணைத் தேடிப் பிடித்து, பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். எத்தனை வட்டி என்று தெரிந்துவிடும்.

என் கடன் அதற்கு முந்தியது. தாளும் இல்லை, எண்ணும் இல்லை. விஷயத்தைக் கேட்ட அப்பத்தா சுருக்குப்பையை அவிழ்த்தாள். அதில் இல்லை, உள்ளே போய் அரிசிப் பானையிலிருந்து எடுத்து வந்தாள். பாக்கியை ஒரேயடியாக அடைக்கும் அளவுக்கு இருந்தது.

"பேரப்பயன்னு முக்கால் வட்டிக்குத் தர்றேன். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். காலண்டர்ல எழுதி வைப்பேன், பாத்துக்க."

முக்கால் வட்டி, வருஷத்துக்கு 9 சதவீதம், டிமினிஷிங். அந்த ரேட்டுக்கு அடமானம் இல்லாமல் எந்த மேனேஜரும் எனக்குத் தர மாட்டார்.

நேற்று ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். கடனை முன்கூட்டியே முடிக்க வேண்டும் என்றேன். "ஃபோர்குளோசர் சார்ஜ் நாலு பர்சென்ட் வரும் சார்" என்றது ஒரு இனிமையான குரல்.

"எதுல நாலு மேடம்? வாங்கின அறுபதாயிரத்துலயா, பாக்கி நிக்கிற அசல்லயா, இல்ல, மிச்சத் தவணை மொத்தத்துலயா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"லைன்ல இருங்க சார்..."

இருபது நிமிஷம் மியூசிக் கேட்டேன். நல்ல மியூசிக்தான்.